வீட்டு வாசலுக்கு எந்தத் தளம் நல்லது?

அழகும் வேண்டும், பாட்டி வழுக்கி விழவும் கூடாது!

புது வீடு கட்டி முடிந்துவிட்டது. சுவருக்கு வண்ணம் அடித்தாகிவிட்டது. கதவுக்கு வார்னிஷ் பூசியாகிவிட்டது. கிரகப் பிரவேசத்துக்கு நாளும் பார்த்தாகிவிட்டது.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

தெருக் கதவில் இருந்து வீட்டுப் படி வரை ஓர் இடம் இருக்கிறது. நீளம் 20 அடி. அகலம் 10 அடி. கார் அதன் மேல்தான் ஏறி வரவேண்டும். பால்காரர் அதில்தான் நடந்து வரவேண்டும். குழந்தைகள் அதில்தான் ஓடி விளையாட வேண்டும். இப்போது அங்கே வெறும் மண் கிடக்கிறது. மழை பெய்தால் சேறு.

அங்கே என்ன தளம் போடுவது?

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இது எங்கோ ஓர் ஊரில் மட்டும் நடப்பது அல்ல. வீடு கட்டும் குடும்பங்கள் எல்லாவற்றிலும் நடப்பதுதான்.

நாலு பேர், நாலு தளம்!

மகன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுகிறான். "அப்பா, இதைப் பாருங்கள். கருங்கல் பாவியது போல இருக்கிறது. ஆனால் கல் இல்லை. எல்லாம் கான்கிரீட். அச்சு வைத்து அழுத்தியது. நம் வீட்டுக்கும் இப்படியே போட்டுவிடலாம்."

அப்பா தலையை ஆட்டுகிறார். "எதற்குடா வீண் செலவு? சிமெண்டுப் பால் ஊற்றி வழவழவென்று தேய்த்துவிட்டால் போதாதா? நான் பிறந்த வீட்டில் அப்படித்தான் இருந்தது."

மருமகள் மெதுவாகச் சொல்கிறாள். "மாமா, எதைப் போட்டாலும் கோலம் போட ஓர் இடம் வேண்டும். மேடும் பள்ளமுமாக இருந்தால் அத்தை எங்கே புள்ளி வைப்பார்கள்?"

மூலையில் இருந்து பாட்டியின் குரல் வருகிறது. பாட்டிக்கு 78 வயது. "எந்தத் தரையோ போடுங்கள், ராசா. என்னைக் கீழே தள்ளாத தரையாக இருந்தால் சரி."

மேஸ்திரி நாலு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டு நிற்கிறார். "யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள்" என்று போய்விடுகிறார்.

இந்த நாலு பேரில் யார் சொல்வது சரி? நாலு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாட்டி சொன்னதில்தான் மிகவும் அதிகமாக இருக்கிறது!

ஏன்? தரை பார்க்க அழகாக இல்லை என்றால் மனதுக்குத்தான் குறை. தரை வழுக்கிவிட்டால் இடுப்பு எலும்பே முறிந்துவிடும். வயதானவர்களுக்கு அந்த எலும்பு முறிந்தால் பல மாதம் படுக்கைதான். பழையபடி நடப்பது எல்லாருக்கும் கைகூடுவது இல்லை.

சிமெண்டு வந்த கதை

இன்று மூட்டை மூட்டையாகக் கடையில் கிடைக்கும் சிமெண்டுக்கு வயது 200 ஆண்டுதான். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் இருந்தார். அவர் 1824-ல் ஒரு புதிய சிமெண்டுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். போர்ட்லாண்டு என்ற ஊரில் வெட்டி எடுக்கும் கல்லைப் போல அது இருந்ததால் "போர்ட்லாண்டு சிமெண்டு" என்று பெயர் வைத்தார். இன்று வரை அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணீர். இந்த நாலும் சேர்ந்தால் கான்கிரீட். பலம் உண்டு. ஆனால் நிறம் சாம்பல். பார்க்க உயிர் இருக்காது.

இந்தச் சாம்பல் தரையை அழகாக்குவது எப்படி என்று பலர் மூளையைக் கசக்கினார்கள். அமெரிக்காவில் ஜான் எர்லி என்பவர் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு வழி கண்டார். கான்கிரீட்டின் மேல் தோலைக் கழுவி நீக்கினார். உள்ளே இருக்கும் கூழாங்கற்கள் பளிச்சென்று வெளியே தெரிந்தன. வாஷிங்டன் நகரில் உள்ள மெரிடியன் ஹில் பூங்காவின் சுவர்களை அவர் இந்த முறையில்தான் கட்டினார். அதை இன்றும் பார்க்கலாம்.

அதே நாட்டில் கலிபோர்னியாவில், 1950-களில் பிராட் போமன் என்பவர் வேறு ஒரு வழி கண்டார். ஈரமான கான்கிரீட்டில் அச்சு வைத்து அழுத்தினார். கல் பாவிய தரை போல அது ஆகிவிட்டது. மகன் செல்போனில் காட்டிய தளம் இதன் பேரப் பிள்ளைதான்!

இனி ஒவ்வொரு தளமாகப் பார்க்கலாம்.

துடைப்பக் கோடு

எல்லாவற்றிலும் செலவு குறைந்தது இதுதான்.

கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் செய்கிறார்கள். சிறிது நேரத்தில் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும். அந்தத் தண்ணீர் தானாக வற்ற வேண்டும். வற்றியதும், ஒரு கெட்டியான துடைப்பத்தை அகலவாட்டில் ஒரே சீராக இழுக்கிறார்கள். தரையில் மெல்லிய கோடுகள் விழுகின்றன. அவ்வளவுதான், வேலை முடிந்தது!

இந்தக் கோடுகள் காலைப் பிடித்துக்கொள்ளும். கார் சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். மழையிலும் வழுக்குவது மிகவும் குறைவு. கைத்தடி ஊன்றி நடப்பவருக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இதைவிட நல்ல தளம் இல்லை.

இதில் அழகு இல்லையா? உண்டு. நாலு ஓரத்திலும் ஒரு சாண் அகலத்துக்குக் கோடு போடாமல் விட்டுவிட்டால், பாய்க்குக் கரை வைத்தது போல இருக்கும். அதற்குத் தனிச் செலவும் கிடையாது.

கூழாங்கல் தளம்

இது எர்லி காட்டிய வழி. கான்கிரீட் போட்டதும் அதன் மேல் ஒரு மருந்து தெளிக்கிறார்கள். உள்ளே கான்கிரீட் இறுகும். மேல் தோல் மட்டும் இறுகாமல் இருக்கும். மறுநாள் தண்ணீர் அடித்து, தூரிகையால் தேய்த்தால் மேல் தோல் கரைந்து போகும். சுண்டைக்காய் அளவுக் கற்கள் முத்து முத்தாக வெளியே தெரியும்.

கல்லின் நிறம்தான் தரையின் நிறம். வெயிலில் வெளுக்காது. காரின் எடை தாங்கும். வழுக்காது.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உடைத்த ஜல்லி போட்டால் முனை கூராக இருக்கும். வெறுங்காலில் குத்தும். உருண்டைக் கல்லாகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, கழுவும் போது சிமெண்டுத் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. அது அங்கே போய்க் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஒரு குழி வெட்டி அதில் தேக்க வேண்டும்.

அச்சுத் தளம்

மகன் ஆசைப்பட்டது இது. கான்கிரீட்டின் மேல் வண்ணப் பொடி தூவித் தேய்க்கிறார்கள். பிறகு ஒட்டாமல் இருக்க வேறு ஒரு பொடி தூவுகிறார்கள். ரப்பர் அச்சுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து அழுத்துகிறார்கள். செங்கல், கருங்கல், மரப்பலகை என்று எந்த உருவம் வேண்டுமானாலும் வரும். கடைசியில் "சீலர்" என்ற பூச்சு அடித்து முடிக்கிறார்கள்.

பார்க்க ராஜ தோரணைதான். அதை மறுப்பதற்கு இல்லை.

ஆனால் இது பழகிய கைகளுக்குத்தான் வரும். நம் ஊர் வெயிலில் கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிடும். பத்து அச்சு அழுத்துவதற்குள் மறு கோடி கல்லாகிவிட்டால் பாதி உருவம் தெரியும், பாதி தெரியாது. உடைத்துப் போட்டு மறுபடியும் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இன்னொன்று, அந்தப் பூச்சு. அதுதான் தரைக்குப் பளபளப்புத் தருகிறது. மழையில் வழுக்குவதும் அதனால்தான்! பூச்சில் நைஸான மணல் போன்ற பொடியைக் கலந்து அடித்தால் வழுக்கல் குறையும். இதைக் கேட்டுச் செய்யச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் பலர் செய்வது இல்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பூச்சைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே இது ஒரு நாள் செலவு அல்ல, தொடரும் செலவு.

வழவழத் தரை

அப்பா சொன்னது இது. சிவப்புக் காவித் தரை என்றால் நம் வீடுகளுக்கு ஒரு தனி அழகு. சிமெண்டுடன் இரும்புக் காவிப் பொடி கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பார்கள். நாள் ஆக ஆக முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆகிவிடும்.

செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடும் இந்த இனம்தான். சூளையில் சுடாத ஓடு அது. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் வைத்து, தண்ணீரில் ஊறப் போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடி தரும் வழவழப்பு அதில் இறங்கிவிடுகிறது.

இவை கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் பொருத்தம். வெயிலும் மழையும் காரும் படும் வாசலுக்குப் பொருத்தம் இல்லை. வெயிலில் காவித் தரை வெடிப்பு விடும். மழையில் காலை வாரிவிடும். அப்பா பிறந்த வீட்டில் கார் நிற்கவில்லை; திண்ணைதான் இருந்தது!

கட்டைகளாக அடுக்கும் தளம்

"பேவர் பிளாக்" என்று கடைகளில் விற்பார்கள். ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும் கான்கிரீட் கட்டைகள் இவை. நன்றாக இடித்த மண்ணின் மேல் மணல் பரப்பி, அதன் மேல் அடுக்குகிறார்கள்.

இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்தால், நாலு கட்டையை எடுத்து, குழாயைச் சரி செய்து, மறுபடி வைத்துவிடலாம். மழைத் தண்ணீரும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் நிலத்துக்குள் இறங்கும்.

குறை என்ன? அடி மண்ணை நன்றாக இடிக்காவிட்டால் சக்கரம் ஓடும் தடம் அமுங்கிவிடும். இடுக்கில் புல் முளைக்கும். எறும்பு மணலை வெளியே கொண்டு வரும்.

எந்த நிறம்?

சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கறுப்பு ஆகிய இந்த நாலும் இரும்பில் இருந்து கிடைக்கும் நிறங்கள். வெயிலில் வெளுக்காமல் நிற்கும். நல்ல பச்சையும் நீலமும் விலை அதிகம். மலிவாகக் கிடைக்கும் சாயப் பொடி சில கோடைகளில் வெளுத்துவிடும்.

50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 2½ கிலோ வண்ணப் பொடி போட்டாலே நல்ல நிறம் வரும். 5 கிலோவுக்கு மேல் போனால் கான்கிரீட்டின் பலம் குறையும். ஒவ்வொரு கலவைக்கும் தராசில் நிறுத்தே போட வேண்டும். கைக் கணக்கில் அள்ளிப் போட்டால் தரை ஓர் இடத்தில் கறுத்தும் ஓர் இடத்தில் வெளுத்தும் நிற்கும்.

கறுப்பு நிறம் வேண்டாம். சித்திரை வெயிலில் நண்பகலில் வெறுங்காலுடன் நின்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும்!

கோலத்துக்கு ஓர் இடம்

மருமகள் கேட்டது சின்ன விஷயம் அல்ல. தினமும் விடியற்காலையில் அந்த வாசலில்தான் குனிந்து நிற்க வேண்டும். அச்சுத் தளத்தில் கோலம் போட்டால் இழை பள்ளத்தில் விழுந்து அறுந்துவிடும். கூழாங்கல் தளத்தில் புள்ளியே நிற்காது. வெளுத்த சாம்பல் தரையில் வெள்ளைக் கோலம் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு வழி சுலபம். படிக்கு முன்னால் 4 அடிக்கு 4 அடி சதுரம் ஒன்றைத் தனியாக விட்டுவிட வேண்டும். அதில் காவிப் பொடி கலந்த கான்கிரீட் போட வேண்டும். கரணையால் மெருகு ஏற்றாமல் மரக்கட்டையால் மட்டும் தேய்த்து விட வேண்டும். மாவு நிற்கும். இழை தெளிவாகத் தெரியும். தண்ணீர் தெளித்தாலும் அவ்வளவாக வழுக்காது.

மேலே அழகு, கீழே பலம்

எந்த அழகுத் தளமும் அடியில் உள்ள மண்ணின் மேல்தான் நிற்கிறது. அடி அமுங்கினால் மேலே வெடிக்கும். ஆகவே செலவைச் சுருக்க நினைப்பவர்கள் மேலே சுருக்கலாம். கீழே சுருக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை இவை:

முதலில் புல், வேர், களிமண் எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். பிறகு 4 அங்குலம் கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையாலோ இயந்திரத்தாலோ நன்றாக இடிக்க வேண்டும்.

அதன் மேல் கான்கிரீட் 4 அங்குலம். சாதாரணக் காருக்கு இது போதும். தண்ணீர் லாரி உள்ளே வரும் வீடாக இருந்தால் 6 அங்குலமும் உள்ளே கம்பியும் வேண்டும். 12,000 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். லாரியின் எடை தனி!

கலவை 1 பங்கு சிமெண்டு, 1½ பங்கு மணல், 3 பங்கு ஜல்லி. 20 அடிக்கு 10 அடி இடத்துக்கு, 4 அங்குல கனத்துக்கு ஏறக்குறைய 15 மூட்டை சிமெண்டு ஆகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மூட்டையில் யாரும் ஏமாற்ற முடியாது.

ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. கலவை தண்ணீராக ஓடினால் பரப்புவது சுலபம். அதனால் சிலர் குழாயைத் திறந்து விடுவார்கள். அப்படி ஊற்றும் ஒவ்வொரு குடமும் தளத்தின் ஆயுளைக் கரைக்கிறது. அதே போல மேலே கசியும் தண்ணீரை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டைத் தூவுவார்கள். அதுவும் கூடாது. சில மாதத்தில் மேல் தோல் அப்பளம் போல உரிந்து வரும்.

வெடிப்புக்கு ஓர் இடம் கொடுங்கள்!

கான்கிரீட் காயும் போது சுருங்கும். சுருங்கினால் எங்காவது வெடிக்கத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் எங்கே வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும்!

அது எப்படி? 8 முதல் 10 அடிக்கு ஒன்றாக, தரையின் குறுக்கே 1 அங்குல ஆழத்துக்குக் கோடு வெட்ட வேண்டும். தளம் போட்ட அன்றோ மறுநாளோ வெட்டிவிட வேண்டும். வெடிப்பு அந்தக் கோட்டுக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். கோடு இல்லாவிட்டால் அதன் இஷ்டப்படி மின்னல் போல ஓடும். வீட்டுச் சுவரும் தளமும் சேரும் இடத்திலும் அரை அங்குலம் இடைவெளி விட வேண்டும்.

வாட்டம்

தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும். பாசி பிடித்தால் எந்தத் தளமும் வழுக்கும். ஆகவே 10 அடிக்கு 1½ முதல் 2½ அங்குலம் வரை வாட்டம் வேண்டும். வாட்டம் வீட்டை விட்டு வெளியே பார்த்து இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்தால் ஆயுள் முழுவதும் சண்டைதான்!

இந்த 200 சதுர அடியில் 1 அங்குலம் மழை பெய்தால் ஏறக்குறைய 470 லிட்டர் தண்ணீர் சேரும். முப்பது குடத்துக்கு மேல். அதைத் தெருவில் விட்டுவிட்டுக் கோடையில் தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுப்பது புத்திசாலித்தனமா? தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. தெருக் கதவின் ஓரம் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மேலே இரும்புச் சல்லடை வைத்து, தண்ணீரை ஒரு மழைநீர்க் குழிக்குள் இறக்கிவிடலாம். காரில் இருந்து எண்ணெய் சிந்தும் இடமாக இருந்தால் அந்தத் தண்ணீரை மட்டும் குழியில் விடக் கூடாது. வாய்க்காலைக் கிணற்றுக்குள் நேராக விடவே கூடாது.

தண்ணீர் காட்டுதல்

தளம் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாதி வேலை அதற்குப் பிறகுதான்!

கான்கிரீட் காய்ந்து இறுகுவது இல்லை. தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. ஆகவே குறைந்தது 7 நாள், கோடையில் 10 நாளுக்குக் குறையாமல் ஈரம் மாறாமல் காக்க வேண்டும். சாதாரணத் தளத்தில் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். ஈரக் கோணியும் போர்த்தலாம்.

வண்ணத் தளத்தில் மட்டும் கோணி வேண்டாம். கோணி ஒட்டிய இடம் ஒரு நிறம், ஒட்டாத இடம் ஒரு நிறம் என்று திட்டுத் திட்டாகிவிடும். அதற்கு என்றே ஈரம் காக்கும் பூச்சு விற்கிறது. அதை அடிப்பது நல்லது.

மறுநாளே ஆள் நடக்கலாம். ஒரு வாரத்துக்குள் கார் ஏறக் கூடாது. முழு பலம் வர 28 நாள் ஆகும்.

ஓர் எச்சரிக்கை. ஈரச் சிமெண்டு தோலைப் பொசுக்கும். குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது. வேலை செய்யும் சித்தாளுக்கும் கையுறையும் ரப்பர் பூட்சும் வாங்கிக் கொடுக்க வேண்டும். தளத்தின் செலவில் அது ஒரு சிறு துளிதான்.

மாதிரிப் பலகை

சரி, அந்த வீட்டில் என்ன முடிவு செய்யலாம்?

கொல்லைப்புறத்தில் 2 அடிக்கு 2 அடியாக நாலு மாதிரிகள் போட்டுப் பார்க்கலாம். ஒன்றில் துடைப்பக் கோடு. ஒன்றில் கூழாங்கல். ஒன்றில் அச்சு. ஒன்றில் காவி. அதற்கு அதிகச் சிமெண்டு ஆகாது. ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு செம்பு தண்ணீரை ஊற்ற வேண்டும். மகனோ மகளோ செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏறி நின்று பார்க்க வேண்டும். நண்பகலில் ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை பார்க்க வேண்டும். கடைக்காரர் காட்டும் படம் காட்டாததை எல்லாம் அந்த 2 அடிப் பலகை காட்டிவிடும்.

அப்படிப் பார்த்தால் முடிவு தானாக வரும். நடக்கும் வழியும் சக்கரம் ஏறும் வழியும் துடைப்பக் கோடு. இரு ஓரத்திலும் ஒரு முழம் அகலத்துக்குக் கூழாங்கல் கரை. படிக்கு முன்னால் கோலத்துக்குக் காவிச் சதுரம். அச்சுத் தளத்தின் மேல் ஆசைப்பட்ட மகனுக்கு என்ன? தெருக் கதவின் ஓரம், யாரும் நடக்காத செடித் தொட்டி வைக்கும் மூலையில், ஒரு சின்ன இடம்!

அப்பாவுக்குச் செலவு மிச்சம். மருமகளுக்கும் மாமியாருக்கும் கோலத்துக்கு இடம். மகனுக்குப் பார்க்க அழகு.

பாட்டிக்கு?

கிரகப் பிரவேசத்தன்று அதிகாலையில் வாசல் தெளித்து ஈரமாக இருக்கும். அதன் மேல் பாட்டி கைத்தடி ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல், தெருக் கதவில் இருந்து படி வரை 20 அடியும் நடந்து வந்துவிட வேண்டும்.

வந்துவிட்டால், அதுதான் நல்ல தளம்.